ரொறன்ரோவில் வேலை சரிவந்துவிட்டது: வீட்டை முதல் பார்ப்பதா, பஸ்ஸை முதல் பார்ப்பதா?

கொக்குவில் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது. எட்டு வருடமாக யாழ்ப்பாணத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். கனடாவில் ரொறன்ரோவுக்கு அடுத்த மார்க்கம் நகரத்தில் ஒரு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, வேர்க் பெர்மிட்டும் வந்துவிட்டது. ஒக்ரோபர் நடுப்பகுதியில் வெளிக்கிட வேண்டும். வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, ரிக்கெட் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. எங்கே தங்குவது, வேலைக்கு எப்படிப் போய்வருவது என்ற இரண்டு யோசனையும்தான் நித்திரை கொள்ள விடுவதில்லை.

தொழிற்சாலை ஸ்டீல்ஸ் வீதிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. காலை 7 மணிக்கு வேலை தொடங்கும். மாதத்தில் இரண்டு ஞாயிறும் வர வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே எனக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் கூடப் படித்த ஒருவன் இருக்கிறான், அவனே இன்னும் மூன்று பேரோடு நெருங்கிக்கொண்டு இருக்கிறான். இணையத்தில் தேடி ஒரு பேஸ்மென்ட் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) கண்டேன். தனி வாசல், பெரிய ஜன்னல், வெள்ளைச் சமையலறை, படமெல்லாம் நல்ல வடிவு. வாடகை 650 டொலர். வீட்டுக்காரர் இப்போது வேறு நாட்டில் நிற்கிறாராம். முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து 1,300 டொலரை நண்பனின் கணக்கு வழியாக அனுப்பினால், திறப்பைத் தபாலில் அனுப்பிவிடுவாராம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார்.

"குளிர் தொடங்குகிற நேரத்தில் போகிறாய், ஒரு கூரையைப் பிடித்துவிட்டுப் போ" என்று அம்மா சொல்கிறா. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. காசை அனுப்பவா?

சுன்னாகம் அக்கா

அனுப்ப வேண்டாம் தம்பி. இன்றைக்கும் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம். அந்தப் படங்களைக் கூகிளில் போட்டு, வேறு எங்கே வந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இரவு வந்து விரிவாக எழுதுகிறேன்.

வல்வை மைந்தன்

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உங்களுக்காக எழுதுகிறேன். 2022இல் நான் 1,400 டொலர் இப்படித்தான் கொடுத்தேன். அதே கதை: வீட்டுக்காரர் வெளிநாட்டில், திறப்பு தபாலில், வேறு ஆட்களும் கேட்கிறார்கள், கெதியாக அனுப்பு. திறப்பு வரவில்லை, சரி, நேரே போய்ப் பார்ப்போம் என்று இரண்டு பெட்டியோடு அந்த விலாசத்துக்குப் போய் இறங்கினேன். ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தா. கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. படத்தில் இருந்தது அவவுடைய சமையலறை. முந்தின வருடம் அந்த வீட்டை வாங்கியிருக்கிறா. விற்பனை விளம்பரத்துக்கு எடுத்த படங்களை யாரோ எடுத்து வாடகை விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள்.

என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, நண்பன் வரும்வரை இருக்கவிட்டா. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. காசு போனது போனதுதான். அங்கே பலரும் இ-ட்ரான்ஸ்ஃபர், அதாவது இணையத்தில் வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பும் முறை வழியாகத்தான் வாடகை கொடுப்பார்கள், அது ஒருமுறை மற்றவர் கணக்கில் ஏறிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. காலடி வைத்துப் பார்க்காத வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். உங்களால் போக முடியாவிட்டால், உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய கால் அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

கொக்குவில் தம்பி

தேடிப் பார்த்தேன். அதே சமையலறை கல்கரி என்ற வேறொரு தூர நகரத்தில் விற்பனைக்குப் போட்ட ஒரு வீட்டு விளம்பரத்தில் இருக்கிறது. மேசையில் இருக்கும் பழத்தட்டுக்கூட அப்படியே. அந்த ஆளிடம் "என் நண்பன் நாளைக்கு வந்து வெளியில் நின்று பார்க்கட்டுமா" என்று கேட்டேன். பதில் இல்லை.

அம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீ எங்கே போய் இறங்கப் போகிறாய்" என்று கேட்டா. என்னிடமும் பதில் இல்லை. வல்வை அண்ணா, எழுதியதற்கு மிக்க நன்றி.

சுன்னாகம் அக்கா

இப்போதுதான் நேரம் கிடைத்தது. நான் 17 வருடம் ஸ்காபரோவில் இருந்தேன், அதில் ஏழு வீடு மாறியிருக்கிறேன். இப்போது அப்பாவைப் பார்க்க ஊரில் நிற்கிறேன்.

முதல் விஷயம், நிரந்தர வீட்டை யாழ்ப்பாணத்தில் இருந்து பிடிக்க நினைக்காதீர்கள். மூன்று, நான்கு கிழமைக்கு ஒரு தற்காலிக அறையைப் பிடியுங்கள். கொஞ்சம் கூடக் காசு போனாலும் பரவாயில்லை. அந்த நாட்களில் வேலைக்குப் போய்வந்து, வழி பார்த்து, பிறகு நேரில் நான்கு வீடு பார்க்கலாம். போனவுடன் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலைக்கு இரண்டு மணித்தியாலம் பயணம் செய்த ஆட்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் காசு. இங்கே ஒரு வருட அட்வான்ஸ் கேட்டாலும் கொடுத்துப் பழகிவிட்டோம். ரொறன்ரோ, மார்க்கம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படி இல்லை. 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் முற்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். முதல் மாத வாடகையோடு சேர்த்து அதைக் கொடுப்பதைத்தான் "ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்" என்பார்கள். வீடு பழுதானால் கழிக்க என்று தனியாக டிப்பொசிட் வாங்க முடியாது. திறப்புக்கு வாங்கலாம், அதுவும் திறப்பின் உண்மையான செலவுக்கு மேல் வாங்கக் கூடாது, போகும்போது திருப்பித் தர வேண்டும். 2018 ஏப்ரல் 30இலிருந்து ஒப்பந்தத்துக்கு அரசாங்கமே ஒரு பொதுப் படிவம் வைத்திருக்கிறது. அதில் எழுதித் தரவில்லை என்றால் நீங்கள் எழுத்தில் கேட்கலாம், 21 நாளுக்குள் தர வேண்டும்.

வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம், 90 நாள் முதலே எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2025க்கு 2.5 சதவீதம், 2026க்கு 2.1 சதவீதம் என்று மாகாணம் உச்ச அளவு வைக்கிறது. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு இந்த உச்ச அளவு கிடையாது. புது வீடு, புது பேஸ்மென்ட் என்றால் இதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இனி நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. நீங்கள் வீட்டுக்காரரோடு, அல்லது அதே வீட்டில் இருக்கும் அவருடைய மனைவி, பிள்ளை, தாய் தகப்பனோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால், நான் மேலே எழுதிய சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. இன்றைக்குப் போ என்றால் போக வேண்டிய நிலைதான். மற்றக் குடியிருப்பாளர்களோடு பகிர்ந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே அறை பார்க்கப் போனால் "இந்தக் குசினியை யார் யார் பாவிக்கிறார்கள்" என்று முதலிலேயே கேளுங்கள்.

பேஸ்மென்ட்டை எப்படிப் பார்ப்பது என்று நாளைக்கு எழுதுகிறேன். அது தனியாக எழுத வேண்டியது.

மானிப்பாய் மூத்தவன்

தங்கச்சி சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் 1989இல் வந்தவன். அப்போது எங்கள் ஆட்கள் கூடுதலாக வெலஸ்லி, பார்லிமென்ட் வீதிப் பக்கத்து மாடிகளில்தான் இருந்தார்கள். ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தது பிறகுதான். ஒரு படுக்கையறை வீட்டில் நாங்கள் ஏழு பேர். இரவு வேலை செய்கிறவன் எழும்பிப் போன மெத்தையில் பகல் வேலை செய்கிறவன் படுப்பான். படிவம், ஒப்பந்தம் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. ஊர்ப் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். முதல் சம்பளம் வரும்வரை என்னிடம் யாரும் வாடகை கேட்கவில்லை. காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவன் உடுவில் பெடியன்.

தம்பி, நீர் சின் இலக்கம் (வேலை செய்யத் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம்) எடுக்க வேண்டும், வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும், குளிர் உடுப்பு வாங்க வேண்டும். இதெல்லாம் தெரியாத ஆட்களோடு இருந்து செய்வது கடினம். முதல் ஆறு மாதம் எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு அறை எடும். ஆளைப் பாரும், பேப்பரைப் பிறகு பார்க்கலாம்.

சுன்னாகம் அக்கா

அண்ணை, நீங்கள் சொல்லும் காலத்தில் வந்தவர்கள்தான் எங்களுக்குப் பாதை போட்டுத் தந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து மட்டும் போன அனுபவம் எனக்கு இருக்கிறது.

2021இல் நாங்கள் இருந்த பேஸ்மென்ட் ஊரால் தெரிந்த ஒரு குடும்பத்தினுடையது. நல்ல மனிதர்கள், தைப்பொங்கலுக்குப் பொங்கல் கொண்டுவந்து தருவார்கள். ஒரு நாள் மகளுக்குக் கல்யாணம், இடம் வேண்டும், மாத முடிவில் எழும்புங்கோ என்றார்கள். 19 நாள். என் மகன் பள்ளிக்கூடத்தில் பாதி வருடம். வீட்டுக்காரர் தன் சொந்தப் பாவனைக்கு எடுப்பதென்றால் அப்போது 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் தர வேண்டும் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். முகம் முறிக்கக் கூடாது என்று எழும்பிவிட்டோம். அவர்களும் வேண்டுமென்று செய்யவில்லை, அவர்களுக்கும் சட்டம் தெரியாது. ஒரு பேப்பர் இருந்திருந்தால் இரண்டு பகுதிக்கும் நல்லது, உறவும் மிஞ்சியிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், நம் ஆட்கள் வீட்டுக்கே போங்கள், ஆனால் படிவத்தையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

மானிப்பாய் மூத்தவன்

19 நாளில் பிள்ளையோடு எழுப்பியது பிழைதான், தங்கச்சி. நான் அதை ஒத்துக்கொள்கிறேன்.

பருத்தித்துறைத் தாதி

பேஸ்மென்ட் பார்ப்பது பற்றி அக்கா எழுத முதல் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஜன்னலைத் திறந்து பாருங்கள். பார்த்தால் போதாது, கையால் திறக்க வேண்டும். நான் முதலில் இருந்த அறையின் ஜன்னல் வண்ணம் பூசி ஒட்டிப்போய் இருந்தது. வெளியே பனி குவிந்தால் அறைக்குள் பகலும் தெரியாது. இரவு வேலை முடித்து வந்து படுத்து எழும்பினால் மணி காலையா மாலையா என்று கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரியும். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் காரணம் இல்லாமல் அழுதேன். அந்த அறையை விட்டபிறகுதான் எனக்கு வெளிச்சம்தான் குறை என்று விளங்கியது.

சுன்னாகம் அக்கா

தாதி தங்கச்சி சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, நெருப்புப் பிடித்தால் வெளியே போகவும்தான். வெளியே போகத் தனிக் கதவு இல்லாத படுக்கையறை என்றால், அதன் ஜன்னல் திருகாணி முடுக்கி போன்ற கருவி ஒன்றும் இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும், திறந்த இடைவெளி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறுகக் கூடாது என்பது கட்டட விதி. 380 மில்லிமீற்றர் என்றால் 15 அங்குலம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைய. நான் வீடு பார்க்கப் போனால் முழங்கையை ஜன்னலில் வைத்து அளந்துவிடுவேன். புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் படுக்கைக்கு அருகில் இருக்கிறதா பாருங்கள். பரிசோதனைப் பொத்தானை அழுத்திச் சத்தம் கேட்க வேண்டும். பேஸ்மென்ட்டில் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கத்து அறையில்தான் இருக்கும், அதனால்தான் இது முக்கியம்.

அந்த ஃபேர்னஸ் இருக்கும் அறைக் கதவையும் திறந்து பாருங்கள். உங்கள் தலைமாட்டுச் சுவருக்கு அடுத்த பக்கம் அது இருந்தால், மாசி மாதத்தில் இரவு முழுக்க உறுமும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி மேல் வீட்டில் இருக்கும், மேலே சரியாக இருந்தாலும் கீழே குளிரும். ரொறன்ரோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். மார்க்கம் வேறு நகரம், அங்கே போனால் அந்த நகர விதியைப் பாருங்கள்.

சுவரின் அடியில், தரையோடு சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். ஈரம், பூஞ்சணம், புதிதாக அந்த இடத்துக்கு மட்டும் பூசிய வண்ணம், இதில் எது இருந்தாலும் இளவேனிலில் பனி உருகும்போது தண்ணீர் வரும் வீடு. மணந்து பாருங்கள். மாரியில் பூட்டி வைத்த களஞ்சிய அறையின் மணம் உங்களுக்குத் தெரியும்தானே, அதே மணம்தான்.

மின்சாரம், தண்ணீர், இணையம் வாடகைக்குள்ளா வெளியா என்பதையும் உடுப்புத் தோய்க்க எந்த நாள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இணுவில் வழிகாட்டி

வீட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தம்பி கேட்ட மற்றப் பாதி எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்களுக்கு வேலை காலை 7 மணி, ஞாயிறும் உண்டு. இதை வைத்துத்தான் வீடு தேட வேண்டும்.

ரொறன்ரோ சப்வே கிழமை நாளில் காலை 6 மணியளவில் ஓடத் தொடங்கும். ஞாயிறு 8 மணியளவில்தான். இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். "சப்வேக்குப் பக்கத்தில் அறை" என்று கூடுதல் வாடகை கொடுத்துவிட்டு, முதல் ஞாயிறே பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பீர்கள். சப்வே இல்லாத நேரத்தில் 300இல் தொடங்கும் இலக்கமுள்ள இரவு பஸ்கள் ஓடும், பெரிய வீதிகளில். ஆகவே உங்களுக்கு வேண்டியது சப்வே நிலையம் இல்லை. தொழிற்சாலைப் பக்கம் நேராக வடக்கே போகும் ஒரு பஸ் வீதிக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு வீடு. மார்க்கம் வீதியில் 102, மக்கவன் வீதியில் 129 போன்றவற்றைப் பாருங்கள். ஒரே இலக்க பஸ்ஸிலும் சில வண்டி இடையில் திரும்பிவிடும், இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள். ஸ்டீல்ஸோடு நின்றுவிடும் வண்டியில் ஏறினால் மீதித் தூரம் பனியில் நடக்க வேண்டும்.

ஸ்டீல்ஸ் வீதிதான் ரொறன்ரோவுக்கும் மார்க்கத்துக்கும் எல்லை. முன்பு அந்த வீதியைத் தாண்டினால் இரண்டாவது கட்டணம். அதனாலேயே பலர் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலையை விட்டார்கள். 2024 பெப்ரவரி 26இலிருந்து ஒரு கட்டணம் போதும், ரொறன்ரோவின் பஸ், சப்வே நடத்தும் ரி.ரி.சி.யிலிருந்து மார்க்கம் பக்கத்து யோர்க் பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறினால் மேலதிகக் காசு இல்லை. ஆனால் ஏறும் ஒவ்வொரு வண்டியிலும் அதே ப்ரெஸ்டோ கார்டை (காசு ஏற்றிவைக்கும் பயணக் கார்டு) தட்ட வேண்டும். ஒரு வண்டியில் வங்கிக் கார்டு, அடுத்ததில் ப்ரெஸ்டோ என்று தட்டினால் இரண்டு பயணமாக எண்ணிவிடும்.

பெரியவர்களுக்கு ஒரு பயணம் 3.30 டொலர். மாத பாஸ் 156 டொலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 48 பயணம் போனால்தான் பாஸ் லாபம். நீங்கள் 22 நாள் வேலைக்குப் போய்வந்தால் 44, இரண்டு ஞாயிறும் சேர்ந்தால் 48. சரியாக எல்லையில் நிற்கிறீர்கள். முதல் மாதம் பாஸ் வாங்காமல் தட்டிப் பாருங்கள்.

பழைய வரைபடம் யாராவது தந்தால் கவனம். ஸ்காபரோவுக்குள் ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் பஸ்தான். புதிய சப்வே நீட்சியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். "ரயிலுக்குப் பக்கம்" என்று விளம்பரத்தில் கண்டால் எந்த ரயில் என்று கேளுங்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கூகிள் வரைபடத்தில் தொழிற்சாலை விலாசத்தைப் போட்டு, வந்து சேரும் நேரம் ஞாயிறு காலை 6:45 என்று கொடுங்கள். ஒவ்வொரு வீட்டு விலாசத்தையும் அப்படிச் சோதியுங்கள். கொக்குவிலில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம்.

பருத்தித்துறைத் தாதி

இரவில் தனியே வரும் பெண்களுக்கு: இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை ரி.ரி.சி. பஸ்ஸில் இரண்டு தரிப்பிடத்துக்கு நடுவிலும் இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம். ஒரு தரிப்பிடம் முதலே சாரதியிடம் சொல்ல வேண்டும், பாதுகாப்பான இடம் என்றால் நிறுத்துவார். ஆண்களும் கேட்கலாம். ஊரில் கை காட்டிய இடத்தில் ஏறி, சொன்ன இடத்தில் இறங்கிப் பழகிய எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

கொக்குவில் தம்பி

இரண்டு நாளாக இருந்து, இணுவில் அண்ணா சொன்னபடி 23 விலாசம் சோதித்தேன். நான் "கிட்ட" என்று நினைத்த நான்கு இடத்தில் இருந்து ஞாயிறு காலை போகவே முடியாது. தூரம் என்று விட்ட ஒரு இடத்தில் இருந்து ஒரே பஸ், 40 நிமிடம். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. எனக்கு எட்டு வருடமாக இலகுரக வாகன லைசன்ஸ் இருக்கிறது. ஒரு பழைய கார் வாங்கினால் இந்த பஸ் பிரச்சினையே இல்லைத்தானே?

வல்வை மைந்தன்

முதல் வருடம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கார் விலை பெரிதில்லை, காப்புறுதிதான் பெரிது. புதிதாக வந்தவருக்குக் கேட்கும் தொகையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். கார் வாங்க முதல் காப்புறுதிக்கு விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எப்போதாவது வாங்கினால் குளிர்கால ரயரும் போடுங்கள், அதற்கு ஒன்ராறியோவில் காப்புறுதியில் கழிவு தர வேண்டும்.

ஆனால் லைசன்ஸ் வேலையை ஊரிலேயே தொடங்குங்கள். இலங்கை லைசன்ஸோடு ஒன்ராறியோவில் குடியேறிய பிறகு 60 நாள்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு அங்கத்தைய எழுத்துப் பரீட்சை, கண் பரீட்சை. புதிதாகப் பழகுகிறவர் போல ஜி1, ஜி2, ஜி என்று ஒவ்வொரு படியாகக் காத்திருக்காமல் இருக்க, உங்கள் ஓட்டுநர் அனுபவத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். லைசன்ஸ் எப்போது கிடைத்தது, எந்த வகை, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது அதில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் அப்படி உறுதியானால் நேரே ஜி ஓட்டப் பரீட்சைக்குப் போகலாம். நான் கடிதம் இல்லாமல் போய், பிறகு அப்பாவை யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு இரண்டு முறை அலைய வைத்தேன். 70 வயது அவருக்கு. அது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது.

அங்கே வலப் பக்கம் ஓட்ட வேண்டும். இரண்டு வகுப்பாவது ஒரு பயிற்றுநரோடு போங்கள்.

திருநெல்வேலிச் சந்தி

சைக்கிள் கொண்டு போகலாமா? தம்பி தினமும் பட்டறைக்குச் சைக்கிளில்தான் போவார் என்று எனக்குத் தெரியும்.

இணுவில் வழிகாட்டி

அங்கே பழைய சைக்கிள் வாங்கலாம், இங்கிருந்து தூக்க வேண்டாம். பஸ்ஸின் முன்பக்கத்தில் சைக்கிள் வைக்கும் தாங்கி இருக்கிறது, அதற்குத் தனிக் காசு இல்லை. ஆனால் அவர் போவது ஒக்ரோபரில். சித்திரைக்குப் பிறகு யோசிக்கலாம்.

மானிப்பாய் மூத்தவன்

தம்பி, நீர் சரிபார்த்து எடுத்த இடங்களில் மூன்றைத் தனிமடலில் அனுப்பும். நான் இப்போது ஓய்வில் இருக்கிறேன், அந்த விலாசங்களுக்குப் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அளவு நாடாவும் கொண்டு போகிறேன், தங்கச்சி சொன்ன 15 அங்குலம் பார்க்க.

மானிப்பாய் மூத்தவன்

மூன்றும் பார்த்தேன்.

முதலாவது: வீட்டில் ஆளே இல்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. விடும்.

இரண்டாவது: அறை பெரிது, சுத்தம். ஆனால் ஜன்னல் உயரம் 11 அங்குலம். வீட்டுக்காரரிடம் சொன்னேன், "இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லை" என்றார். நான் 36 வருடத்தில் ஒரு ஜன்னலையும் அளந்து பார்க்காதவன். அந்தப் பதிலைக் கேட்க எனக்குக் கவலையாக இருந்தது. அங்கே இப்போது இரண்டு மாணவர் இருக்கிறார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது: மார்க்கம் வீதியில் இருந்து ஆறு நிமிட நடை, என்னுடைய நடையில். ஜன்னல் 20 அங்குலம், இலகுவாகத் திறக்கிறது. இரண்டு கருவியும் சத்தம் போட்டன. சமையலறை மற்ற இரண்டு வாடகைப் பெடியங்களோடு, வீட்டுக்காரர் மேலே தனி. ஃபேர்னஸ் அறை சமையலறைக்கு அந்தப் பக்கம். 800 டொலர், எல்லாம் உள்ளே. முதல் மாதம் மட்டும் இருந்து பார்க்கட்டும், பிடித்தால் படிவத்தில் எழுதுவோம் என்று வீட்டுக்காரர் சம்மதித்தார். சாவகச்சேரி ஆள்தான், ஆனால் படிவத்தை அவராகவே எடுத்துக் காட்டினார்.

கொக்குவில் தம்பி

ஐயா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாவது விலாசத்தில் இருந்து ஞாயிறு காலையும் பார்த்தேன், 6:45க்கு முதல் போய்ச் சேரலாம். அம்மாவுக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "அந்த ஐயா ஜன்னலை அளந்தவரோ" என்று இரண்டு தரம் கேட்டா. உங்களுக்கு என்ன கொண்டு வர என்று கேட்கச் சொன்னா.

ஓட்டுநர் கடிதத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன். கடைசிக் கேள்வி: விமானம் மதியம் இறங்குகிறது. இரண்டு பெட்டி. ராக்சிக்கு நிறையக் காசு போகும் என்கிறார்கள்.

இணுவில் வழிகாட்டி

பியர்சன் விமான நிலையத்தில் இருந்து 900 இலக்க பஸ் கிப்லிங் சப்வேக்குப் போகும். கிப்லிங் இரண்டாம் இலக்கப் பாதையின் மேற்கு முனை, கெனடி கிழக்கு முனை. ஏறி இருந்தால் கடைசி நிலையம்தான், இடம் தவற வழியில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் என்பதால் எல்லாம் ஒரே 3.30 டொலர். இரண்டு நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. மாலை 4 மணிக்கு முதல் சப்வே ஏறப் பாருங்கள், அதற்குப் பிறகு இரண்டு பெட்டியோடு நிற்க இடம் கிடைக்காது.

மானிப்பாய் மூத்தவன்

கெனடியில் லிஃப்டால் மேலே வந்து, பஸ் நிற்கும் தளத்தில் நில்லும். நான் மகனின் காரோடு வருகிறேன். குளிர் ஜக்கெட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் கொண்டு வாரும்.

அம்மாவிடம் சொல்லும், கொஞ்சம் ஒடியல் மா போதும்.